பச்சைப் பால்

என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கையெழுத்துப் போடும்போது மட்டுமே பேனா பிடித்திருக்கிறேன். எந்த ல, எந்த ள என்பதும் எனக்குக் குழப்பம். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்தவன், இப்போது எழுதுகிறேன்.

சேதராப்பட்டுக்கு அப்பால், கம்பெனிகள் முடிகிற இடத்தில், ஒரு குடும்பம் ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கிக் குடிவந்தது. கணவன், மனைவி, ஏழு வயதில் ஒரு பெண். அவர் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர், அந்த அம்மா டீச்சர். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு, உண்பது உடுப்பது எல்லாம் தங்கள் கையாலேயே செய்துகொண்டு வாழ்வது என்று முடிவெடுத்திருந்தார்கள். மண் சுவர் வீடு. கரண்ட் இல்லை, காஸ் இல்லை. தண்ணீர் கிணற்றிலிருந்து வாளியில் வரும். போன் இரண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள். ஒரு கறவை மாடும் வாங்கினார்கள். மாடு பழக்கமில்லாததால், அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துக்கொண்டார்கள். மூலக்குளத்திலிருந்து தினமும் மொபெட்டில் போவேன்.

"காஸ் வாங்க வக்கிருந்தும் வெறகு ஊதுதுங்களா? எங்கம்மா ஊட்டு அடுப்ப ஒரு மாசம் ஊதச் சொல்லு, ஆசை தீந்துரும்" என்பாள் என் மனைவி.

எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. சார் என்று கூப்பிட வேண்டாம் என்று அவர் எத்தனையோ முறை சொன்னார். எனக்குத்தான் வரவில்லை. ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. பாலைக் காய்ச்ச மாட்டார்கள். கறந்த சூட்டோடு மூன்று பேரும் குடிப்பார்கள். காய்ச்சினால் சத்து போய்விடுமாம்.

ஒரு நாள் காலை மாட்டை ஏரிக்கரையில் முளை அடித்துக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். தனியாக விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது ஒரு நாய் மாட்டின் மூக்கைக் கவ்விக்கொண்டு தொங்கியது. கழியால் அடித்தேன். அது குரைக்கவில்லை, ஓடவும் இல்லை. வாயில் எச்சில் வடிய, பின்னங்கால் தள்ளாடப் போனது. அந்த நடையைப் பார்த்ததுமே வெறிநாய் என்று தெரிந்துவிட்டது.

காயத்தைக் கழுவி மஞ்சளும் எண்ணெயும் வைத்தேன்.

"என்னாண்ணே மூக்குல?" என்று அவர் கேட்டார்.

"முள்ளு கிழிச்சிடுச்சுங்க."

டீ குடிக்கப் போனதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம். அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். மாடு தண்ணீர் குடிக்கிறதா, அசை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. காலையில் பால் கறக்கும்போது அந்தப் பெண் டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்காரும்.

"பாப்பா, காய்ச்சிக் குடிச்சா நல்லாருக்கும்" என்றேன் ஒரு நாள்.

"காய்ச்சினா ஆடை வரும் மாமா. உவ்வே."

அம்மா உள்ளேயிருந்து, "நாங்க நெறைய படிச்சுப் பாத்துட்டுதாண்ணே முடிவு பண்ணோம்" என்றார். படித்து என்று சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். படித்தவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஒரு நாள் நான் போனபோது மாடு தீனி தின்னவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தரை வரைக்கும் தொங்கியது. தொண்டை கட்டிய குரலில் கத்தியது. வெறி ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் வந்து பார்த்தார். "தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு. மாங்கொட்டைய முழுங்கியிருக்கும்" என்றார். எங்கள் பக்கத்திலும் மாடு இப்படி எச்சில் விட்டால் முதலில் அதைத்தான் நினைப்போம், கையை விட்டுத்தான் பார்ப்போம். அவர் அதையும் எதிலோ படித்திருந்தார். சட்டைக் கையை மடக்கினார். புதிதாகக் கோடாலி பிடித்த கை. உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்து சிவந்திருந்தன.

"சார்" என்றேன்.

"கொம்பப் புடிங்கண்ணே, திமிரப் போவுது."

நான் பிடித்தேன். என் இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கை முழங்கை வரைக்கும் மாட்டின் வாய்க்குள் போனது. தடவித் தடவிப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். கை வெளியே வந்தபோது எச்சில் சொட்டியது. விரலில் ஒரு பல் கீறியிருந்தது.

"ஒண்ணுமே இல்லியே" என்றார்.

"பாவம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் மாட்டின் வாயில் வடிந்த எச்சிலைத் துடைத்துவிடக் கையை நீட்டியது.

"தொடாத" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. பிள்ளையை இழுத்துத் தள்ளினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாய், டீ, முள் என்று சொன்ன பொய், எல்லாம்.

அந்த அம்மா வாசலில் நின்றபடி, "எத்தினி நாளாச்சு?" என்று கேட்டார்.

"நாப்பத்தோரு நாளுங்க."

கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் சோப்பு கிடையாது, பூந்திக்கொட்டைதான். ரோட்டுக் கடைக்கு ஓடி ஒரு சோப்பு வாங்கி வந்தேன். அவர் கிணற்றடியில் குந்தி, நான் ஊற்ற ஊற்றக் கழுவினார். அந்த அம்மா டின்னைத் திறந்து ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

மாட்டு டாக்டர் தள்ளி நின்று பார்த்தே வெறிநோய்தான் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மாடு செத்தது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் எங்கள் நான்கு பேருக்கும் ஊசி போட்டார்கள். அவருக்குக் காயத்தைச் சுற்றியும் போட்டார்கள். பாலால் வருவது அபூர்வம், ஆனாலும் காய்ச்சாமல் குடித்ததால் போட்டுவிடுவோம் என்றார் டாக்டர். முதல் நாள் ஊசிக்கு வரிசையில் நின்றபோது அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கொம்பப் புடிச்சப்ப ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்ங்க."

அவர் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அவர்கள் அரியாங்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஊசியெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயம் போகவில்லை. போன் அடித்தால் அவரைப் பற்றிய சேதியோ என்றுதான் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் பாலம் தாண்டிப் போய், அவர்கள் வீட்டு எதிர்க்கடையில் நின்று, அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்று காலை அவர் என்னைப் பார்த்துவிட்டார். ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நான் நல்லாருக்கண்ணே. பாப்பாவும் நல்லாருக்கா. இனிமே இங்க வராதீங்க. ஒங்களப் பாத்தா அவ அம்மாவுக்குப் பயமா இருக்கு."

சரிங்க என்றேன். இனி அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, மகளின் நோட்டில் நாலைந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன்.

கார்த்திகை மாதம் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.