மேகத்துக்குள் என் இரண்டு கைகள்

அன்பர்களே, எது மேலே, எது கீழே என்று தெரியாமல் போன ஒருவன் எழுதுவது இது. வேதாந்தமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. போதமலைக்குப் பக்கத்தில் ஒரு மேகத்துக்குள், ஆகாய விமானத்தின் முன் ஆசனத்தில், வாரால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தேன். என் தலை ஆகாயத்தைப் பார்க்கிறதா, பூமியைப் பார்க்கிறதா என்று விளங்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் சாகப்போகிறேன் என்பது மட்டும் விளங்கிற்று. கூடவே ஒரு நல்ல பிள்ளையையும் கொல்லப்போகிறேன் என்பது அப்போது விளங்கவில்லை.

நம் சனிக்கிழமை பஜனைக் கூட்டத்தார் இதை எழுதச் சொல்லி வெகு நாளாயிற்று. "வாயால் சொன்னால் எங்களைச் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள், எழுத்திலாவது அடக்கமாக இருப்பீர்கள்" என்றார்கள். முயல்கிறேன்.

நான் நாமக்கல்லில் வக்கீல். கட்சிக்காரர்கள் குறைவு, ஆகையால் படிப்பு அதிகம். என் பக்தி எப்படிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாள் முதல் சனிக்கிழமைதோறும் என் மனைவி பாவாயி என்னை ஆஞ்சநேயர் சந்நிதிக்கு இழுத்துக்கொண்டு போவாள். கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் அந்தப் பெரிய உருவத்துக்குக் கற்பூரம் காட்டும்போது கூட்டம் முழுவதும் "ஆஞ்சநேயா!" என்று ஒரே குரலாகக் கூவும். எல்லோருடைய கைகளும் தலைக்கு மேல் போகும். என் கைகளும் போகும். மனம் போகாது. அது வடைமாலையில் எத்தனை வடை இருக்கிறது, அதில் நம் பங்குக்கு எத்தனை வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் இப்படித்தான் கும்பிட்டேன்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு நாலைந்து வருஷம் முந்தி, ஓர் ஐப்பசி மாதம். பாவாயியின் தம்பி சென்னியப்பன் சென்னைக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். தோட்டம் துரவு உள்ள குடும்பம்; ஏர் ஓட்ட வேண்டிய பிள்ளை இதை ஓட்டுகிறானே என்று மாமனாருக்கு வருத்தம். அவனோ சிநேகிதர் ஒருவரின் இரண்டு ஆசன விமானத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்து ஊருக்கு வெளியே மேய்ச்சல் பொட்டலில் இறக்கிவிட்டான். ஜனங்கள் தேர்த் திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள்.

"மாமா, நாளைக்குக் காத்தாலே ஒரு சுத்து போயிட்டு வரலாமுங்களா?" என்றான்.

பாவாயி முந்திக்கொண்டாள். "ஏனுங்க, நாளைக்குச் சனிக்கெழமை. கோயலுக்குப் போயிட்டு வந்து அப்பறம் எதுல வேணும்னாலும் ஏறுங்க."

"அவர் எங்கும் போய்விட மாட்டார். விமானம் போய்விடும்" என்றேன். இருபது வருஷத்தில் நான் தவறவிட்ட முதல் சனிக்கிழமை அது.

விமானத்தில் பிரயாணிக்கு முன் ஆசனம், ஓட்டுபவருக்குப் பின் ஆசனம். மேலே மூடி கிடையாது. இரண்டு ஆசனத்திலும் முழங்கால்களுக்கு நடுவே கைத்தடி போல ஒரு தடி நிற்கும். விமானத்தைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் அதனால்தான். இரண்டு தடிகளும் உள்ளே இணைந்தவை. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும்.

"முன்னாடி இருக்கறதக் கழட்டிப்போடறேனுங்க மாமா. பாஸஞ்சருக்கு அது வேண்டியதில்லை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. போட்டோ எடுக்கும்போது கையில் ஏதாவது இருந்தால்தான் கம்பீரம்" என்றேன்.

போட்டோ நன்றாக வந்தது. நானே விமானத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளம்பினோம். முதல் கால் மணி நேரம் நான் சொர்க்கத்தில் இருந்தேன். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மோர்க்கலயம் போல நாமக்கல் மலைக்கோட்டை கீழே இருந்தது. கோர்ட்டுக் கச்சேரிக் கட்டடம் தீப்பெட்டி அளவு. அதற்குள் நானா பயந்து பயந்து பேசினேன் என்று வெட்கமாயிருந்தது. ராசிபுரத்தில் தெருவுக்குத் தெரு நெசவாளர்கள் நீட்டியிருந்த பட்டுப் பாவு சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது. அப்பால் போதமலை. அதன் தலையில் மேகம்.

எங்களுக்குள் பேச ஒரு ரப்பர்க் குழாய் இருந்தது. அதன் வழியாக, "மேகத்துக்குள் போய்ப் பார்ப்போமே, பஞ்சுதானே" என்றேன்.

"வேண்டாமுங்க மாமா. உள்ளே போனாக் கண்ணு அவிஞ்ச மாதிரி."

எனக்கு யாராவது வேண்டாம் என்றால் வாதம் செய்தே தீரவேண்டும், தொழில் அப்படி. மூன்று நியாயங்கள் சொன்னேன். நாலாவதைச் சொல்லும்போது அவன் பதில் சொல்வதற்காக ஒரு கணம் கவனத்தைத் திருப்பினான். மேகம் எங்களைக் கேட்காமல் வந்து மூடிக்கொண்டது.

எங்கும் வெள்ளை. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை.

"பயப்படாதீங்க மாமா. சாஞ்சா காட்டிக் குடுக்க ஒரு முள்ளு இருக்குது. அதப் பாத்து ஓட்டறேன்."

எனக்குப் பயமே இல்லை. விமானம் பாய் விரித்தாற்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் என் உடம்பு சொல்லிற்று. உண்மையில் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடதுபுறம் சாய்ந்து, வட்டமடித்துக் கீழே போய்க்கொண்டிருந்தோம். முள்ளைப் பார்த்ததும் சென்னியப்பன் நிமிர்த்தினான். அவன் நிமிர்த்திய அந்த நேரத்தில்தான் எனக்கு விமானம் வலதுபுறம் கவிழ்வதாகத் தோன்றியது. தோன்றியது என்ன, சத்தியம் செய்திருப்பேன்.

இதைப் பற்றி நான் படித்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. காதுக்குள் மூன்று வளையங்கள் உண்டு. அவற்றில் நீர் உண்டு. சொம்பைச் சுழற்றி நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் சுழல்வதுபோல, உடம்பு திரும்புவது நின்றபிறகும் அந்த நீர் பொய் சொல்லும். கண்ணுக்கு ஓர் அடையாளம் இல்லாத இடத்தில் அந்தப் பொய்யை மறுக்கச் சாட்சியே கிடையாது. பார் அசோசியேஷனில் ஒரு சாயங்காலம் முழுவதும் இதைப் பற்றிப் பேசி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியவன் நான். படித்ததெல்லாம் தலையில்தான் இருந்தது. தலை எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

வலதுபுறம் கவிழ்கிறோமே, உதவி செய்வோம் என்று தடியைப் பிடித்து இடதுபுறம் இழுத்தேன்.

"மாமா! தடிய உடுங்க!"

"நான் ஒன்றையும் பிடிக்கவில்லையே மாப்பிள்ளை!" என்றேன். பொய்யில்லை. என் அறிவுக்கு எட்டியவரையில் நான் எதையும் பிடிக்கவில்லை.

"பாருங்க, கையப் பாருங்க!"

பார்த்தேன். இரண்டு கைகளும் தடியின்மேல் இருந்தன. கணு கணுவாக வெளுத்து, வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. விடு என்றேன். விடவில்லை. மறுபடி சொன்னேன். அசையவில்லை. என் பேச்சைக் கேட்காதவர்கள் உலகத்தில் பலர்: பாவாயி, என் குமாஸ்தா, இரண்டு முன்சீபுகள். என் கைகளே அந்தக் கட்சியில் சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இறக்கைக் கம்பிகளில் காற்று ஊளையிட ஆரம்பித்தது. நொடிக்கு நொடி சுருதி ஏறிற்று. பின்னால் அவன் தன் பலமெல்லாம் கொண்டு தடியை ஒரு பக்கம் தள்ளுகிறான். முன்னால் நான் பயத்தின் பலமெல்லாம் கொண்டு மறுபக்கம் இழுக்கிறேன். பயத்துக்குத்தான் பலம் அதிகம்.

"மாமா, எறங்கீட்டே இருக்கறமுங்க! மலை இருக்குது! அட, உடுய்யா!"

அக்காள் புருஷனை அவன் 'ய்யா' போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான்.

அப்போது பிரார்த்தனை செய்தேன். வழக்கப்படி மனுவாகவே ஆரம்பித்தேன். 'ஆஞ்சநேயா, இன்று வராதது தவறு. ஆனால் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு...' வாதம் நாக்கிலேயே உலர்ந்துவிட்டது. பிறகு, 'எது மேலே என்று மட்டும் காட்டு' என்றேன். காட்டவில்லை. கடைசியில், 'என்னால் முடியவில்லை. என் கை என்னிடம் இல்லை. நீ எடுத்துக்கொள்' என்றேன். வடையை எண்ணாமல் நான் சொன்ன முதல் பிரார்த்தனை அதுதான்.

பின்னால் சென்னியப்பனுக்கும் கத்துவதற்கு வேறு வார்த்தை மிச்சமில்லை. குழாய் வழியாக அடித்தொண்டையில் அவன் கூவினான்:

"ஆஞ்சநேயா!"

என் இரண்டு கைகளும் தடியை விட்டுத் தலைக்கு மேல் போய்க் கூப்பிக்கொண்டன.

நான் தூக்கவில்லை. சத்தியமாக நான் தூக்கவில்லை. அவை போயின. காற்று அவற்றைப் பின்னுக்கு அறைந்தது, அப்போதும் பிரியவில்லை. முழங்கால்களுக்கு நடுவே தடி தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு நிதானமாக என் வயிற்றை நோக்கி வந்தது. யாரோ மூட்டை மூட்டையாக என் தோளில் அடுக்குவதுபோல உடம்பு கனத்தது. ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிற்றோ என்னவோ, கண்முன் சாம்பல் திரை விழுந்தது. திரை விலகியபோது மேகம் தலைக்கு மேல் இருந்தது.

ஆம், மேல் இருந்தது. கீழே ஒரு நிலக்கடலைக் காடு. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் சேலைக் கரை தெரிகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தோம். ஒருத்தி நிமிர்ந்து எங்களை வைதாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் கையை நீட்டிய விதத்திலிருந்து நல்ல சேலம் ஜில்லாத் தமிழ் என்று தெரிந்தது. அதைவிட இனிமையான காட்சியை நான் கண்டதில்லை.

பொட்டலில் இறங்கிய பிறகும் கைகள் பிரியவில்லை. கூப்பியபடியே இறங்கினேன். கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க வக்கீலய்யா, ஓட்டுக் கேக்க வந்துட்டீங்களா? எந்த எலெக்‌ஷனுங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. பாவாயி கிட்டே வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மூவரும் சந்நிதிக்குப் போனோம். வழியில் அவனைக் கேட்டேன்: "மாப்பிள்ளை, அந்தப் பேரைச் சொன்னால் நான் கையைத் தூக்குவேன் என்று தெரிந்துதானே கூப்பிட்டாய்?"

"இல்லீங்க மாமா. உங்களக் கூப்பிட்டுப் பாத்தேன், வைது பாத்தேன், ஒண்ணும் ஆவுல. செத்தமுன்னு நெனச்சுத்தான் அவரக் கூப்புட்டேன். உங்களையே நான் நெனைக்கலீங்க."

ஆக, அவன் கூப்பிட்டது ஆஞ்சநேயரை. நான் கூப்பிட்டதும் ஆஞ்சநேயரை. யாருடைய பிரார்த்தனை பலித்தது என்று பாவாயியைக் கேட்டோம். "ஏனுங்க, உசிரோட நிக்கறப்போ அந்த வெவகாரம் எதுக்கு?" என்றாள்.

என் டாக்டர் நண்பர் ஒருவர் இதற்கு வேறு விளக்கம் தருகிறார். பயத்தில் கை இறுகிப்போவது சகஜமாம். அறிவு இடும் கட்டளை அப்போது நரம்புகளுக்கு எட்டாதாம். வெகுநாள் பழகிப்போன பழக்கம் மட்டும் எட்டுமாம். "உம்மைக் காப்பாற்றியது பழக்கம்" என்றார். நான் மறுக்கவில்லை. இருபது வருஷமாக, வாரந்தவறாமல், இன்ன நேரத்துக்கு வேண்டும் என்று அந்தப் பழக்கத்தை என் கைக்குள் சேர்த்து வைத்தது யார் என்றுதான் கேட்டேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு நான் பெரிய மகானாகிவிடவில்லை. வாதம் செய்கிறேன். ஆனால் வீட்டிலோ கச்சேரியிலோ எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு, 'உதவிதான் செய்கிறேன்' என்று எனக்கே தோன்றும்போது, குனிந்து என் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பாதி விவகாரங்கள் அந்தப் பார்வையிலேயே தீர்ந்துவிடுகின்றன.

சென்னியப்பன் இப்போது யுத்தத்துக்காகப் புதுப் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். எந்த ஊர் என்று எழுதக்கூடாதாம். போன மாதம் கடிதம் வந்தது. பையன்களில் சிலர் மேலே போனதும் என்னைப்போலவே தடியைப் பிடித்துக்கொண்டு உறைந்துபோகிறார்களாம். "முதல் நாளே ஒவ்வொருவனிடமும் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன், மாமா. ஒருவன் மட்டும் தனக்குக் கடவுளே கிடையாது என்றான். அவனுடைய அம்மா பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.

அன்பர்களே, உங்களில் பலர் என்னிடம் வந்து, "கோயிலுக்குப் போகிறேன், மனம் நிற்கமாட்டேன் என்கிறது, இப்படிக் கும்பிட்டு என்ன பயன்?" என்று கேட்கிறீர்கள். மனம் நின்று கும்பிடுகிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு என் சாட்சி தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மனம் வரவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கையை மட்டுமாவது கொண்டு போங்கள். அவர் அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். என்றைக்கோ ஒருநாள், எது மேலே என்று தெரியாமல் நீங்கள் விழுந்துகொண்டிருக்கும்போது, அது எந்தப் பக்கம் என்று உங்கள் கைகளுக்குத் தெரிந்திருக்கும்.