உறங்கியதால்

ஜெராக்ஸ் கடையில் எல்லோரும் அவரை டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் படித்து, பிழை நீக்கி அடித்துக் கொடுப்பார். விடுப்பு விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம் என்று எது வந்தாலும் சரி. பிழையைக் கண்டுவிட்டு அப்படியே விட அவரால் முடியாது. 'மண்ணிக்கவும்' என்று யாராவது எழுதி வந்தால், மூளைக்கு எட்டும் முன்பே விரல் அதைத் திருத்தியிருக்கும். "அக்கா, இது என் பொண்டாட்டிக்கு எழுதினது. இதுல மட்டும் கை வைக்காதீங்க. நான் எழுதலைன்னு கண்டுபிடிச்சிடுவா" என்று ஒருவர் கெஞ்சியிருக்கிறார். அதையும் திருத்தித்தான் கொடுத்தார்.

அக்காவின் கணவர் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். பனி மூடிய ஒரு காலையில், கேட் திறந்திருந்தபோதே ரயில் வந்துவிட்டது. குறுக்கே போன காய்கறி வேனில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. ரயில் வருவதைச் சொல்ல வேண்டிய ஸ்டேஷன் போன் அன்று ஒலிக்கவே இல்லை. லைன் அறுந்து கிடந்தது. விசாரணையில் அது தெரிந்து, உங்கள் மீது குற்றமில்லை என்று கடிதம் கொடுத்து, வேலையையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கேட்டை இறக்கும் கைப்பிடியை அதன் பிறகு அவரால் தொடவே முடியவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் பசிக்கவில்லை என்பார். அவராக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க கடைக்குப் பக்கத்து அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேன் வேலை காலியாமே, கேட்டுப் பாரேன்."

அக்கா போய்க் கேட்டார். அப்பார்ட்மென்ட் மேனேஜர் கெட்டவர் இல்லை. போனை நீட்டிக் காட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவர் வேலை பார்த்த கேட் பேரைப் போட்டுத் தேடினேன். இதுதான் முதல்ல வந்துச்சு. தூங்கி வழியிற ஆளை வாட்ச்மேனா போட்டா, இங்க யாரும் என்னைத் தூங்க விடமாட்டாங்க."

"அவர் தூங்கலைங்க. விசாரணையே நடந்து முடிஞ்சுது. லெட்டர் இருக்கு."

"லெட்டரை நான் படிப்பேன். குடியிருக்கிறவங்க போனைத்தானே படிக்கிறாங்க? அந்த வரியை எடுக்க வச்சிட்டு வாங்க. முதல் தேதி வரைக்கும் வேற ஆளைப் போடமாட்டேன்."

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் அது. அந்த ரயில் பாதையைப் பற்றிய கட்டுரையின் கடைசியில் அந்த வரி இருந்தது: 'காவலர் உரங்கியதால் ரயில் வேன் மீது மோதியது.'

அக்கா ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தபோது, கடைக்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் தண்டவாளத்துக்கு உரம் போட்டாரா?"

அக்கா சிரிக்கவில்லை. விரல் அதற்குள் 'தொகு' என்பதை அழுத்தி, 'ர'வை எடுத்துவிட்டு 'ற'வை வைத்து, சேமித்தும் விட்டது. திரையில் உடனே ஒரு செய்தி வந்தது: 'வணக்கம்! தங்கள் முதல் பங்களிப்புக்கு நன்றி. தொடர்ந்து எழுதுங்கள்.'

"அட, என்னக்கா பண்ணீங்க? திருடன் வந்தா விரட்டுவாங்க. நீங்க சட்டையில பட்டன் தைச்சு அனுப்புறீங்களே."

"இருப்பா. இப்போ எடுத்துடறேன்."

'உறங்கியதால்' என்பதை அழித்துவிட்டு, 'தொலைபேசி இணைப்பு அறுந்திருந்ததால்' என்று அடித்தார். வந்த டீ ஆறுவதற்குள் பழைய வரி திரும்பி வந்துவிட்டது. அதில் 'ற' மட்டும் புதிது. பக்கத்தில் காரணமும் இருந்தது: 'சான்றில்லாத மாற்றம். மீளமைக்கப்பட்டது.' செய்தவரின் பயனர் பெயர் நேர்வழி.

அக்கா மறுபடி மாற்றினார். நேர்வழி மறுபடி மீளமைத்தார். பிறகு, கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருப்பதும், அங்கே போய்ப் பேச வேண்டும் என்பதும் தெரியவந்தது. அங்கே அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'அவர் உறங்கினார் என்பதற்கு மட்டும் சான்று இருக்கிறதா?'

நேர்வழி நியாயமானவர். கேள்வி சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அந்த வரியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'சான்று தேவை' என்று போட்டார்.

அதை அக்கா ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். கணவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே. நான் தூங்கினதுக்கு ஆதாரம் கேக்கிறான். நல்ல மனுஷனாத்தான் இருப்பான்."

"ஆதாரம் கிடைக்கலைன்னா எடுத்துடுவாங்களாம்."

"எங்க கிடைக்கும்? தூங்கியிருந்தாத்தானே!"

மறுநாள் அவராகவே முகச்சவரம் செய்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். அக்காவோடு நடந்து மேனேஜர் முன்னால் போய் நின்றார். மேனேஜர் போனை எடுத்துப் பார்த்தார்.

"வரி அப்படியேதானே இருக்கு?"

"ஓரத்துல சான்று தேவைன்னு போட்டிருக்கு சார்."

"அவ்வளவு பொடி எழுத்தை யாருங்க படிக்கிறாங்க? இன்னும் நாள் இருக்குல்ல, பாருங்க."

அக்கா விசாரணைக் கடிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றினார். அது நீக்கப்பட்டது. எங்கும் வெளியிடப்படாத ஆவணம் சான்றாகாது என்றார் நேர்வழி. 'இக்கடிதம் தங்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்றும் கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்து, 'நான் அவருடைய மனைவி' என்று அக்கா அடித்தார்.

பதிலில் 'நலமுரண்' என்று ஒரு சொல் இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ அடித்துக் கொடுத்தவருக்கு அந்தச் சொல் புதிது. நெருங்கிய உறவினர் கட்டுரையைத் தொகுக்கக் கூடாது என்று அதற்குப் பொருளாம். கீழே மேலும் எழுதியிருந்தது.

'சம்பவ இடத்தில் தாங்கள் இருந்தீர்களா? இல்லையெனில், தங்கள் கூற்றுக்கு அடிப்படை இல்லை. இருந்திருந்தாலும் அது சொந்த அனுபவமே, சான்றாகாது. மேலும், தங்கள் முதல் தொகுப்பிலேயே "உறங்கியதால்" என்ற சொல்லைத் தாங்களே செம்மைப்படுத்திச் சேமித்துள்ளீர்கள். அப்போது அதைத் தாங்கள் மறுக்கவில்லை. புரிதலுக்கு நன்றி.'

யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தால், அந்தச் சொல்லுக்கு நேராக அக்காவின் பயனர் பெயர் இருந்தது.

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நகருங்கக்கா, நான் ஒரு கை பார்க்கிறேன்" என்று அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, அந்த வரியையே தூக்கிவிட்டார். கடையைச் சாத்துவதற்குள் இரண்டு கணக்குகளும் தடை செய்யப்பட்டன. ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து எழுதுவதாகக் குற்றச்சாட்டு. அதற்கு அங்கே கைப்பாவைக் கணக்கு என்று பெயர்.

"நான் கைப்பாவையாம்க்கா. இதை என் பொண்டாட்டிகிட்ட சொன்னா, இதுல புதுசா என்ன இருக்குன்னு கேப்பா."

"உன்னை யாருப்பா செய்யச் சொன்னா?"

"உதவிதானேக்கா பண்ணேன்."

"ஆமா. நல்லா பண்ணே."

மாதக் கடைசியில், ஆபத்தான ரயில்வே கேட்டுகளைப் பற்றி ஒரு நாளிதழில் பெரிய கட்டுரை வந்தது. எழுதிய நிருபர் யாரிடமும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. 'காவலர் உறங்கியதால் ரயில் வேன் மீது மோதியது' என்று கலைக்களஞ்சியத்தின் வரி எழுத்து மாறாமல் அதில் இருந்தது. 'ற' சரியாக இருந்தது.

அடுத்த நாள் கலைக்களஞ்சியத்தில் 'சான்று தேவை' என்பதைக் காணவில்லை. அந்த இடத்தில் ஓர் எண் இருந்தது. அதை அழுத்தினால் நாளிதழ்க் கட்டுரைக்குப் போனது.

"அவன் இவனைப் பார்த்து எழுதியிருக்கான். இவன் அவனைக் காட்டுறான். இது என்னக்கா கணக்கு?" என்றார் கடைக்காரர்.

அக்காவுக்கும் அது புரிந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய பேச்சுப் பக்கத்தில் எழுத அவருக்கு அனுமதி இல்லை. முதல் தேதியன்று அப்பார்ட்மென்ட் வாசலில் வேறொருவர் புதுச் சீருடையில் நின்றார். அக்காவைப் பார்த்ததும் மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, கணவர் ஜன்னலோரம் நாளிதழோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம், உங்களைப் பற்றித்தான் போட்டிருக்கிறது என்று.

"சாப்பிட வாங்க."

"பேப்பர்லயே போட்டுட்டாங்க." அவர் தலை நிமிரவில்லை. "அன்னிக்கு நல்ல பனி. போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. நடுவுல கொஞ்சம் கண் அசந்துட்டேனோ?"

"என்ன பேசறீங்க? நீங்க தூங்கலை."

"போன் அடிச்சு, எனக்குத்தான் கேக்கலையோ என்னவோ."

"லைன் அறுந்து கிடந்துச்சுங்க! லெட்டர்லயே இருக்கு."

"லெட்டர்ல லைனைப் பத்தி இருக்கு. நான் முழிச்சிருந்தேன்னு இருக்கா?"

அக்கா கடிதத்தை எடுத்துவந்து பிரித்தார். முழுவதும் படித்தார். அப்படி ஒரு வரி அதில் இல்லை. யாரும் கேட்காததால் யாரும் எழுதவில்லை.

"நீங்க தூங்கலை. எனக்குத் தெரியும்."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீ அங்க இருந்தியா?"

அக்கா இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டார்.

சாயங்காலம் கடைக்கு ஒரு பெண் விடுப்பு விண்ணப்பத்தோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், தனக்கு உரக்கமே இல்லை, வேலைக்கு வர இயலவில்லை என்று எழுதியிருந்தாள். அக்கா அடித்துக் கொடுத்தார். காசை வாங்கிப் போட்ட கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, 'உரக்கம்'னு அப்படியே விட்டுட்டீங்க? 'ற' வராதா?"

"அவங்க எழுதினபடியே இருக்கட்டும்பா" என்றார் அக்கா. அடுத்த தாளை எடுத்தார்.