இரண்டு பானைக் கஞ்சி

ஜப்பான்காரனின் விமானங்கள் வந்து மட்டக்களப்புக் கடலில் வெள்ளைக்காரனின் பெரிய போர்க்கப்பலை மூழ்கடித்தனவே, அந்த வருடம். வருடத்தை எண்ணிக்கையில் சொல்ல எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவனல்ல. ஆனால் கப்பல் மூழ்கியது ஒரு வியாழக்கிழமை. அதற்கு ஆறு நாள் முந்தி பெரிய வெள்ளி. அன்று பின்னேரம் கோயில் முற்றத்தில் நான் அகப்பையோடு கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது எனக்குக் கலியாணமாகி இரண்டு வருடம்.

எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்கு இப்பால் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடலில் கரைவலை இழுக்கும் நாங்கள் கடற்காரர்; ஆற்றில் மீனும் இறாலும் பிடிப்பவர்கள் ஆற்றுக்காரர். எல்லோரும் வேதக்காரர்தான், எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே அந்தோனியார். ஆனால் கோயிலுக்குள்ளே நாங்கள் வலப்பக்கம் இருப்போம், அவர்கள் இடப்பக்கம். இந்தப் பிரிவு எதனால் வந்தது என்று கேட்டால், திருநாளில் அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கிச் சுற்றும்போது முன்கொம்பை யார் பிடிப்பது என்ற சண்டையால் வந்தது என்பார் என் தகப்பன். அதெல்லாம் இல்லை, ஒரு பன்றி வேலி பாய்ந்ததால் வந்தது என்பார் தாய்மாமன். அந்தப் பன்றி யாருடைய பன்றி என்று கேட்டால் அதில் இன்னொரு சண்டை வரும்.

என் அக்கா ஆற்றுக்காரன் ஒருவனை விரும்பி முடித்தவள். அன்றோடு எங்கள் பகுதி அவளையும் ஆற்றுக்காரி ஆக்கிவிட்டது. கிணற்றடியில் கண்டால் இருவரும் கதைப்போம். வீட்டுக்கு வரமாட்டாள். வா என்று நானும் கேட்டதில்லை.

பெரிய வெள்ளியில் சிலுவைப்பாதை முடிந்ததும் ஒருசந்தி நோன்பு இருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். முற்றத்தில் இரண்டு பானை வைத்திருந்தோம். பூவரசு மரத்தடியில் எங்களுடையது, மணிக்கூண்டடியில் அவர்களுடையது. போர்க்காலம், அரிசி கிடையாது. உன்னிச்சைப் பக்கத்துச் சைவக்காரர் சிலர் புண்ணியத்துக்குத் தந்த அரிசி அது. ஏறாவூர் முஸ்லிம் வண்டில்காரர் ஒருவர் அதை ஏற்றி வந்தார். அவர் எங்கள் பானையில் ஒரு சிரட்டைக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் பகுதிக்குப் பெரியவரான மூப்பரைப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் மூப்பர், ஆண்டவன் ஒருத்தன், பானை ரெண்டா? இதுல எந்தப் பானை சுவர்க்கத்துக்குப் போகும்?”

“மரைக்கார், நீங்க குடிச்ச பானைதான் போகும். இன்னொரு அகப்பை ஊத்துடா அவருக்கு!” என்றார் மூப்பர். எல்லோரும் சிரித்தோம்.

ஆற்றுக்காரரின் அரிசி மூட்டை வழியில் நனைந்து பாதி பழுதாகிவிட்டதால் அந்தப் பானை சீக்கிரமே முடிந்துபோனது. எங்கள் வரிசையின் கடைசியில் அக்கா வந்து நின்றாள். இடுப்பில் நாலு வயது மகள், கையில் சிரட்டை.

“தம்பி, புள்ளைக்கு மட்டும் கொஞ்சம் ஊத்து.”

நான் மூப்பரைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். வேண்டாம் என்று அவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு மனம் இவ்வளவு கனத்திருக்காது.

“முடிஞ்சிட்டு அக்கா,” என்றேன்.

பானையில் கால்வாசிக்கு மேல் கஞ்சி கிடந்தது. அக்கா பானையை எட்டிப் பார்க்கவில்லை. “கஞ்சி முடிஞ்சிட்டாம் மகள், மாமாட்ட இல்லையாம்,” என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவள் நின்ற அதே இடத்தில் எங்கள் கோயில் குருவானவர், சாமி, வந்து நின்றார். கையில் தேத்தண்ணி குடிக்கும் எனாமல் கோப்பை. மன்னார்ப் பக்கத்து மனிதர், மெலிந்தவர், சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. பானைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் எந்தப் பானைக்காரன்?”

“சாமி எங்கட பானைதான்! சாமி வந்திறங்கினது எங்கட கரையில,” என்றார் மூப்பர்.

“சாமி இரிக்கிற வளவு எங்கட பாட்டன் குடுத்த காணி!” என்று மணிக்கூண்டடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சாமி வெறுங்கோப்பையோடு அறைக்குள் போனார். மிஞ்சிய கஞ்சியை நாங்கள் மணலில் ஊற்றினோம். அக்காவின் குடிசை வாசலிலிருந்து பார்த்தால் பூவரசடி நன்றாகத் தெரியும். இதை நான் பிறகுதான் நினைத்தேன்.

சாமியை ஆற்றுக்கு அக்கரைச் சிறு கோயிலுக்கு ஏற்றிப்போகும் தோணி என்னுடையது. மறுநாள் காலை போகும்போது, திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து தண்டு வலித்தேன். அவர் திட்டவில்லை. தனக்குள்ளே கதைப்பதுபோலக் கதைத்தார்.

“ரெண்டு பானை வைக்கச் சொன்னது நான்தான், உனக்குத் தெரியுமா? நான் வந்த முதல் வருசம் ஒரு பானைதான் இருந்தது. முதல் அகப்பை யார் போடுறது எண்டு மண்டையை உடைச்சாங்கள். சரி, ஆளுக்கொரு பானை வையுங்கோ எண்டன். சண்டை நிண்டது. சண்டை நிண்டால் சமாதானம் வந்திட்டுது எண்டு நினைச்சிட்டன். அது சமாதானம் இல்லை. என்ர அலுப்பு.”

கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி சொன்னார்:

“நீங்கள் கை இறுகினவங்கள் இல்லை. வண்டில்காரருக்கு ரெண்டுதரம் ஊத்தினீங்கள். தெரியாதவனுக்குக் குடுக்கிறது லேசு, அதில பெருமை இருக்கு. பகையாளிக்குக் குடுத்தால்தான் தோத்துப்போன மாதிரி இருக்கும். அந்தத் தோல்வியைத்தான் நான் தருமம் எண்டு பிரசங்கத்தில சொல்லியிருக்க வேணும். சொல்ல எனக்கும் பயம்.”

“மூப்பர் பாத்துக்கொண்டு நிண்டார் சாமி,” என்றேன்.

“ஓம். நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டன்,” என்றார்.

வியாழக்கிழமை முற்பகல் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. வானத்தில் விமானங்கள். ஊர் முழுவதும் கோயிலுக்குள் ஓடியது. வலமும் இல்லை, இடமும் இல்லை, விழுந்த இடத்தில் குந்தினோம். எனக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தால் அக்கா. அவள் பிள்ளை என் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டது. பின்னேரம்வரை யாருக்கும் வெளியே போகத் துணிவில்லை. சாமி எங்களையெல்லாம் பார்த்துச் சொன்னார்:

“அன்பு செய்யாததைப் பயம் செய்திட்டுது. பரவாயில்லை, வந்ததை வைச்சிருப்பம். ஒரு பானை காய்ச்சுங்கோ.”

கைக்குக் கிடைத்த அரிசியைக் கொண்டுவந்து ஆளுக்கொரு பிடி போட்டார்கள். யார் முதலில் போட்டது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அகப்பை பழையபடி என் கைக்கு வந்தது. சாமி முதல் ஆளாகக் கோப்பையை நீட்டி, நின்ற இடத்திலேயே குடித்தார். அக்காவின் முறை வந்ததும் சிரட்டை வழிய ஊற்றினேன்.

“இண்டைக்கு முடியல்லையா தம்பி?” என்றாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிள்ளைக்குப் பருக்கினாள். “நீயும் குடி புள்ள,” என்று அவளோடு நின்ற பெண் சொன்னதற்கு, “எனக்குப் பசியில்ல. நான் புள்ளைக்குத்தான் கேட்டநான்,” என்றாள்.

அடுத்த பெரிய வெள்ளிக்குச் சாமி ஒரு பானைதான் வைத்தார். மூப்பரும் வேறு சிலரும் இரண்டு வருடம் கஞ்சிக்கு வரவில்லை; பிறகு வந்தார்கள். சுரூபத்தின் முன்கொம்புக்கு அதன்பிறகும் சண்டை பிடித்தார்கள்தான். சாமியை வேறு ஊருக்கு மாற்றிய அன்று இரண்டு பகுதியும் சேர்ந்து தோணித்துறைக்கு வந்தது. அதைப் பெரிய காரியமாக நான் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சாகும்வரை என்னோடு முகம் கொடுத்துத்தான் கதைத்தாள். பின்னாளில் என் வீட்டுக்கும் வந்தாள். என் மனைவி பாய் போட்டு இருத்துவாள், சோறு போடுவாள். “இப்பதான் திண்டிட்டு வாறன் புள்ள,” என்பாள். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் அவள் குடிக்கவில்லை. மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் கேட்க வைக்கவில்லை.

அவள் மகள் இப்போது வாகரையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். கப்பல் மூழ்கிய அன்று கஞ்சி தந்த மாமா என்று என்னை எல்லோரிடமும் புகழ்ந்து சொல்கிறாளாம். எனக்கு இனி அவ்வளவு தூரம் போகக் கால் இல்லை; போனாலும் வாய் வராது. இதைக் கேட்டவர்கள் யாராவது வாகரைப் பக்கம் போனால் அவளைக் கண்டு சொல்லிவிடுங்கள்: அதற்கு ஆறு நாள் முந்தி, பெரிய வெள்ளியன்று, மாமாவின் பானையில் கஞ்சி இருந்தது.