பசை காயாத கைநாட்டு

நடந்ததை மட்டும் எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் கூட்டமாட்டேன். ஒரே வாசலுக்குள் இருக்கும் நம் வளவின் பத்து வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பேச்சியக்காவின் தம்பி குழாயடியில் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "செவ்வாக்கிழமை எங்க அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சு போச்சுக்கா. நெஞ்சுச் சளி. நாரணாபுரத்துல எங்க வீட்டுல வச்சே எடுத்துட்டோம். சாமான எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றார். சாமான் என்று இருந்தவை ஒரு பாய், இரண்டு பானை, ஒரு பசைச் சட்டி.

ஆடி மாதம் வரை பேச்சியக்கா எங்களுக்கு அடுத்த வீடு. தீப்பெட்டிக் கூடு ஒட்டிப் பிழைத்தார். ஈரக் கூடுகளை நடைபாதை முழுக்கக் காயப்போடுவார். யாராவது மிதித்தால் அவர்களுடைய மூன்று தலைமுறையையும் ஏசுவார். பசையை நாள்கணக்கில் வைத்திருப்பார், அது புளித்து நாறும். இவையெல்லாம் உண்மைதான். நான் சரித்திரப் பாடத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு நிறுத்தினால் நடுச்சுவரில் தட்டுவார்.

"ஏ பிள்ள, அந்த ராசா கோட்டையப் பிடிச்சானா இல்லையா? பாதியில நிறுத்துனா எனக்குக் கை ஓடமாட்டேங்குது."

"அது பரீட்சைக்கு வராதுக்கா."

"எனக்கென்ன பரீட்சையா வச்சிருக்கு? சொல்லு தாயி."

எனக்கு எரிச்சலாக இருக்கும். சொல்லமாட்டேன்.

வளவுக்குப் பின்னால் சாக்கடை அடைத்து வெகுநாளாகியிருந்தது. காலியாகக் கிடந்த கடைசி வீட்டின் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, காரை உதிர்ந்தது. சின்னப்பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். வீட்டுக்காரரிடம் மனு கொடுக்க எல்லோரும் முடிவு செய்தீர்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னீர்கள். அச்சாபீசில் வேலை பார்க்கும் சீனி மாமாதான் அப்போது சொன்னார்: "வீட்டக் குறை சொன்னா காலி பண்ணும்பாரு. ஆளக் குறை சொல்லி எழுது. அப்பத்தான் இங்கன வந்து எட்டியாவது பார்ப்பாரு."

நான் எழுதினேன். "மேற்படி பேச்சியம்மாள் வைத்திருக்கும் அழுகிய பசையின் துர்நாற்றமே குழந்தைகளின் காய்ச்சலுக்குக் காரணம்." சாக்கடை பற்றி ஒரு வரிகூட இல்லை. "வக்கீல் தோத்தான்" என்று மாமா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாக்கியம் பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

தாளும் மைக்கூடுமாக வீடு வீடாகப் போனேன். பேச்சியக்கா வாசலை வேகமாகத் தாண்டினேன். அவர் கூப்பிட்டார்.

"என்ன தாயி, என்னைய மட்டும் விட்டுட்டுப் போற? சாக்கடைக்குத்தான? எனக்கும் ஒரு இடம் விடு."

தாளை அவர் முன்னால் விரித்தேன். மைக்கூட்டை நீட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினார். விரலில் பசை இருந்ததால் தாளும் கூடவே எழும்பி வந்தது. "பாரு, என்னைய விடமாட்டேங்குது" என்று சிரித்தார்.

அந்தக் கைநாட்டு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்காரரும் சிரித்தாராம். பேச்சியக்காவை உட்காரவைத்து மனுவை முழுக்க வாசித்துக் காட்டினாராம். அந்த வாரமே அவரைக் கடைசி வீட்டுக்கு மாற்றினார். "நாத்தம் நாத்தத்தோட இருக்கட்டும்" என்றார். பிறகு அப்பா சாக்கடையைப் பற்றிக் கேட்கப் போனார். "காய்ச்சலுக்குப் பசைதான் காரணம்னு நீங்கதான எழுதிக் கொடுத்தீக?" என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேச்சியக்கா என்னிடம் ஒரே ஒருமுறைதான் இதைப் பற்றிப் பேசினார். குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி, "எம்புட்டு அழகா எழுதியிருக்க. முதல்லயே எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தா, என்னையப் பத்தி இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லியிருப்பேனே" என்றார். அதன் பிறகு நான் பாடத்தை முன்னைவிடச் சத்தமாகப் படித்தேன். கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்காது. ஐப்பசி மழையில் அவருடைய இருமல்தான் குழாயடி வரை கேட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். எட்டு வாசல் தள்ளிப் போவதற்குப் பயமாக இருந்தது. போகவில்லை.

அந்த மனு இப்போது என் சரித்திரப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கைநாட்டு வைத்த இடம் மட்டும் விறைத்துப்போய், விரலால் தடவினால் தெரிகிறது. பேச்சியக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.

கடைசி வீட்டுக்கு அடுத்த மாதம் ஒரு குடும்பம் வருகிறதாம். கைக்குழந்தை இருக்கிறதாம். வேறொரு மனு எழுதியிருக்கிறேன். சாக்கடை அடைத்திருக்கிறது, சுவர் ஈரமாக இருக்கிறது, காய்ச்சல் அதனால்தான், பேச்சியம்மாள் காரணமில்லை, பொய் எழுதியது நான். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. முதலில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். கீழே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளைக் காலையில் வருவேன். இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மைக்கூட்டை—

பத்து வீட்டு விளக்குக்கும் சுவிட்ச் வீட்டுக்காரர் கையில். நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அணைத்துவிட்டார்; இதை விடிந்ததும் எழுதுகிறேன்.