முகமில்லாத போட்டோ

ஆவடி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். நைனாவின் முகத்திலிருந்து பவுடர் வாசனை வந்தது.

நாங்கள் அண்ணனூரில் இருந்தபோது எனக்கு ஆறு வயது. வாரக்கணக்கில் இருமல். ஆஸ்பத்திரி என்றாலே அழுது ஊரைக் கூட்டிவிடுவேன். அதனால் நைனா, "ஸ்டுடியோவுக்குப் போயி போட்டோ புடிக்கலாம் கண்ணு" என்றார். கிறிஸ்துமஸ் ஃபிராக்கை மாட்டி, அவரே பவுடர் பூசி, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்தார். போய் இறங்கிய இடத்தில் டெட்டால் நாற்றம். ஜரிகை இருக்கிறதென்று ஃபிராக்கைக் கழற்றினார்கள். வெறும் மார்பில் சில்லென்று ஒரு பலகை. நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

வீட்டில் எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இன்னா, போட்டோ நல்லா கீதா?" என்று சிரித்தார். எலும்பெல்லாம் இருந்தது, என் முகம் இல்லை. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவருக்கு ஞாபகம் மங்கிவருகிறது. ஆஸ்பத்திரி என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார். காலையில் பவுடர் டப்பாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"சட்டையில ஸ்டீல் பட்டன் இருக்கு, கழட்டிடுங்க ஐயா" என்றார் டெக்னீஷியன்.

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டுடியோன்னுதானே சொன்னே கண்ணு?"

நான் சுவரைப் பார்த்தேன்.