நீலம் கேட்டவர்

முதலில் அதிமதுர மிட்டாயின் மணம் வந்தது. பிறகுதான் கதவு திறந்து, தடியை ஊன்றியபடி அவர். இருபது வருடமாய் நான் அந்த மணத்தை மறக்கவில்லை.

இத்தாலியிலிருந்து இளவயதில் ரொறொன்ரோ வந்து, பனியைப் படம் பிடித்தே பேரெடுத்த ஒளிப்பதிவாளர். அவருடைய கமராவுக்குப் பக்கத்தில் நின்று, அளவுநாடாவால் தூரம் அளந்து போகஸ் பிடித்தவன் நான். ஒருநாள் பொழுது சாயும் நேரம், நான் அளந்து குறித்த பிறகு, எனக்குச் சொல்லாமல் கமராவை ஓரடி முன்னுக்குத் தள்ளிவிட்டார். காட்சி முழுதும் கலங்கல். திரையில் போட்டுப் பார்த்தபோது எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார் (அவர் ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்): "இவன் கப்பல்ல வந்தவன். தூரத்தை நாட்கணக்கிலதான் அளப்பான்."

சிரித்தார்கள். அதன்பிறகு எவரும் என்னைக் கமரா தொடக் கூப்பிடவில்லை. பிறம்ரன் நகரத்து வெயார்ஹவுஸ் ஒன்றில் ஏழு குளிர்காலம் பெட்டி அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் படங்களுக்கு நிறம் திருத்தப் படித்தேன்.

இப்போது எங்கள் ஸ்டூடியோவில் அவருடைய ஆகச் சிறந்த படத்தைப் புதுப்பிக்கிறோம். இனி உலகம் பார்க்கப்போவது இந்தப் பிரதியைத்தான். எங்கள் தொழிலில் ஒளிப்பதிவாளர் சொல்வதே நிறம். ஆனால் அவர் பிழைவிட்டால் வாய்திறந்து சொல்லவேண்டியவன், பக்கத்திலிருந்து நிறம் திருத்துபவன்.

"முந்தி எங்க வேலை செய்தனீர்?" என்று கேட்டார்.

"பிறம்ரனில. பெட்டி அடுக்கினன்."

"நல்லது. முதுகு பலமாயிருக்கும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

முதல் காட்சியிலேயே முகம் சுளித்தார். "ஏன் இப்பிடி மஞ்சளாக் கிடக்கு? நீலம் போடும்."

மஞ்சள் படத்தில் இல்லை. அவர் கண்ணில் புரை. என் அம்மாவும் புரை வெட்டுமுன் வெள்ளைச் சீலையை மஞ்சள் என்று சண்டை பிடித்தவர். எனக்குத் தெரியும்.

போட்டேன்.

"இன்னும்."

போட்டேன். அளவு தெரியாமல் நீலம் போட்டுத் தோய்த்த வேட்டிபோலானது பனி. கதாநாயகியின் உதடு செத்தவளின் உதடு. அவர் கேட்டதற்கு மேல் ஒரு துளிகூட நான் கூட்டவில்லை, அதுதான் இனித்தது. ஒவ்வொரு காட்சியாய், அவர் வாழ்நாளை அவர் சொல்லச்சொல்ல முக்கியெடுத்தேன்.

"மற்றவங்கள் எண்டா வாதாடுவாங்கள்," என்றார், பிரதிக்குச் சம்மதக் கையெழுத்து வைத்துக்கொண்டு.

கோட் மாட்ட உதவினேன். வாசலில் நின்று திரும்பினார்.

"கண்ணில ஏதோ பிழையெண்டு டொக்டர் சொல்லுறார். நிறம் பிழைச்சிருந்தா நீர் சொல்லியிருப்பீர்தானே?"

"ஓம். கட்டாயம் சொல்லியிருப்பன்."