கேப்டனின் கைகள்

தொலைக்காட்சி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையக்கா என்றால்தான் வாசல் காவலருக்கும் தெரியும். போன மாதம் அவர் இறந்த செய்தியைச் சொன்ன பழைய கேமராமேன்கூட, "நம்ம கையக்கா போயிட்டாங்கம்மா" என்றுதான் சொன்னார்.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். எதிரே நூறு துளைகள் கொண்ட பலகை. எந்த ஒயரை எங்கே செருகுவது என்று பாராமலே பழகிய விரல்கள். எல்லாம் தானியங்கி ஆனதும் அந்த வேலை போயிற்று. ஸ்டூடியோவில் அரங்கப் பொருட்கள் அறையில் சேர்ந்தார். நாற்காலி, பூச்சாடி, பொம்மைத் துப்பாக்கி எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் வாங்கித் துடைத்து அடுக்க வேண்டும்.

அப்போது ஞாயிறு காலைகளில் குழந்தைகளுக்காக ஒரு விண்வெளித் தொடர் வந்துகொண்டிருந்தது. கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையைச் செய்தவர் அவர்தான். பழைய தொலைபேசிப் பலகை, தையல் மெஷின் சக்கரம், டிபன் பாக்ஸ் மூடிகள், சைக்கிள் விளக்கு. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் இன்றைக்கே கிளம்பிவிடும் போலிருக்கும். கேப்டனாக நடித்தவருக்குக் குரல் இருந்தது, தாடை இருந்தது, விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. வசனம் பேசினால் சுவிட்சைத் தவறவிடுவார். சுவிட்சைப் பிடித்தால் வசனத்தை விழுங்கிவிடுவார். அதனால் முகம் அவருடையது, கை இவருடையது என்று ஏற்பாடாயிற்று. கையக்கா வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, சட்டகத்துக்கு வெளியே குனிந்து உட்கார்ந்து கப்பலை ஓட்டுவார். அந்த முகத்தையும் இந்தக் கையையும் வெட்டி ஒட்டி ஒரே ஆளாக்குவது படத்தொகுப்பு அறையில் என் வேலை. அவர் எனக்கு வைத்த பெயர் கத்திரி.

கப்பலில் இருந்த ஒரே பெண் ரேடியோப் பெண். அவளுக்கு அநேகமாக ஒரே வசனம்தான்.

"ஏன்டி கத்திரி, இந்த வாரம் எத்தனை தடவை 'இப்ப என்ன ஆகும் கேப்டன்'னு கேட்டா?"

"நாலு தடவைக்கா."

"காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உலகத்துச் சேதியெல்லாம் கேக்கறவ அவ. அவளுக்கே தெரியலன்னா அந்தத் தாடைக்கு எப்படிடி தெரியும்?"

குழந்தைகள் கடிதம் எழுதுவார்கள். 'கேப்டன் மாமா, உங்கள் கை எவ்வளவு வேகம்!' கேப்டன் அவற்றைத் தம் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அறையைத் துடைக்கப் போகும்போது கையக்கா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வருவார்.

ஒருமுறை கேப்டனுக்குக் கடவாய்ப்பல் வீங்கி, தாடை ஒரு பக்கம் பலூனாகிவிட்டது. திங்கட்கிழமை அரங்கத்தைக் காலி செய்தாக வேண்டும்; கப்பல் தரையிறங்கும் காட்சியோ பாக்கி. கதை எழுதுகிறவர் ஒரே மத்தியானத்தில் கதையை மாற்றினார். கேப்டன் மயங்கிக் கிடக்கிறார். கீழ்த்தளத்திலிருந்து மெக்கானிக் ஏறி வந்து கப்பலை இறக்குகிறார்.

"மெக்கானிக்குக்கு யாரு?" என்றார் இயக்குநர்.

அந்தப் பலகை தெரிந்தவர் ஒருவர்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கையக்கா அப்போது ஒரு பூச்சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உடுப்புத் தைக்க நேரமில்லை. வெல்டராக இருந்த தம் கணவரின் வேலைச் சட்டையை வீட்டிலிருந்து எடுத்து வந்தார். வலது கை மணிக்கட்டுப் பட்டையில் பொறி பட்டு ஒரு ஓட்டை. அவருக்கு மூன்று வரி வசனம். "பயப்படாதீங்க. எனக்கு இது தெரியும். இறக்கிடறேன்." நடிக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுவிட்சாகச் சரிபார்த்துக் கப்பலை இறக்கினார். இறக்கி முடித்ததும், யாரும் சொல்லாமலே, சட்டைக் கையால் பலகையைத் துடைத்தார். வேலை முடிந்தால் துடைப்பது அவர் பழக்கம். விளக்குப் பிடித்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"மூக்கு ரொம்பப் பெருசாத் தெரியுமாடி?" என்று என்னிடம் கேட்டார்.

"கொஞ்சம் தெரியும்கா."

"தெரியட்டும். எம் பொண்ணு அடையாளம் கண்டுபுடிக்கணும்ல."

மகளுக்கு ஒன்பது வயது. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில் டிவி இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாயிற்று, அவளுடைய வகுப்பு டீச்சரும் வருகிறார் என்று கையக்கா வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியை மேசையில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பெரிய தொகுப்பாளர் ஓய்வுபெற்று, அந்த அறை என் பொறுப்புக்கு வந்திருந்த முதல் வாரம் அது. இறுதி எழுத்துகளில் 'படத்தொகுப்பு' என்று என் பெயர் முதல்முறையாக வரப்போகிறது. பக்கத்து அறையில் ஒருவர் என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "பொம்பள கையில மெஷினக் குடுத்தாங்க, இப்ப கப்பலையும் குடுத்துட்டாங்க. அடுத்து நிலையத்தையே எழுதிக் குடுத்துருவாங்க போல." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இயக்குநர் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பசங்க கேப்டன் எங்கன்னு கேப்பாங்க. கை மட்டும் போதும்னாலும் போதும். நீயே பாத்துக்கம்மா."

நீயே பாத்துக்கம்மா. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புகார்க் கடிதம் வந்தால் இரண்டு பெண்கள் சேர்ந்து கெடுத்தார்கள் என்பார்களே என்று பயந்தேன். பழைய வாரங்களிலிருந்து கேப்டனின் முகங்களைப் பொறுக்கினேன். முறைக்கிற முகம், வியர்வை துடைக்கிற முகம், பெருமூச்சு விடுகிற முகம். அவற்றுக்கு நடுவே கையக்காவின் கைகளை ஒட்டினேன். வசனம் இருந்த இடத்தில் இசையை ஏற்றினேன். மயங்கின கேப்டன் சரியான நேரத்தில் எழுந்துகொண்டார். அக்காவின் முகம் இருந்த துண்டுகள் கூடைக்குப் போயின. கூடை அந்த வாரக் குப்பையோடு போயிற்று.

சனிக்கிழமை மாலை வாசலில் கையக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒம்பது மணிடி, மறந்துராத."

மறக்க மாட்டேன் என்று தலையாட்டினேன். முகம் வராது என்பதையாவது அப்போது சொல்லியிருக்கலாம். அந்த டீச்சராவது வராமல் இருந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என் பெயர் திரையில் வந்தபோது அப்பா எழுந்து நின்றே விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கையக்கா வழக்கம் போல டப்பாவைத் திறந்து, மூடியில் எனக்குப் பாதியை எடுத்து வைத்தார். நான் அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு, "லேண்டிங் நல்லா வந்திருந்துச்சுடி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் ஒருநாளும் சொல்லவில்லை.

பின்னால் நான் படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனேன். அந்தக் காட்சியை வருடா வருடம் வகுப்பில் காட்டினேன். இரண்டு பேரை ஒரே ஆளாக்குவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. ஒரு மாணவி கேட்டாள்: "கை யாரோடது மேடம்?"

"டூப்" என்றேன்.

கையக்காவின் சாவு வீட்டில் மகள் என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கே இப்போது நரை விழுந்திருக்கிறது.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். நான் சின்னப்புள்ளயா இருக்கும்போது அம்மா டிவில வரேன்னு சொன்னாங்க. தெருவே வந்து உக்காந்துச்சு. வரல. மறுநாள் ஸ்கூல்ல என்னைப் 'புளுகுமூட்டை'ன்னாங்க. ஒரு வருஷம் அதான் எம் பேரு. வீட்டுக்கு வந்து அம்மாவ உலுக்கு உலுக்குன்னு உலுக்கினேன், நெஜமா நடிச்சியான்னு."

"என்ன சொன்னாங்க?"

"இல்லடி, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னாங்க. அம்மா பொய் சொல்ற ஆளா சித்தி? அந்த ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்துது. அவங்க நடிச்சாங்களா, இல்லையா?"

கூடத்தில் அவர் கிடத்தப்பட்டிருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

நான் வெட்டியது ஒரு முகத்தைத்தான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் தம் மகளிடமே பொய்க்காரியாக நின்றிருக்கிறார். அது தெரிந்த பிறகும், அவரைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு, நான் அப்படிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அந்த வாரத்துப் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கடைசியில், கப்பல் நின்ற பிறகு, ஒரு சட்டைக் கை வந்து பலகையைத் துடைக்கிறது. இரண்டு விநாடி. அதை மட்டும் ஏன் விட்டு வைத்தேன் என்று தெரியவில்லை. தாளத்துக்குப் பொருந்தியதால் இருக்கலாம்.

ஒன்பதாம் நாள் காலையில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். அந்தச் சட்டைக் கை வரும் இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இது அப்பா சட்டை." விரலைத் திரையில் வைத்தாள். "இந்த ஓட்டைக்குள்ள விரல விட்டுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வரி வசனத்தையும், மூக்கைப் பற்றி அவர் கேட்டதையும், கூடையையும், வாசலில் தலையாட்டியதையும். அவள் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன் சித்தி?"

"எம் பேரு வரப்போகுதுன்னு."

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். என் தோளைத் தொட்டு, போகட்டும் விடுங்க என்று சொல்லிவிடுவாளோ என்றும், வெட்கமில்லாமல், நினைத்தேன்.

"நீங்க கெளம்புங்க" என்றாள். "இத வச்சிட்டுப் போங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளேயிருந்து தரையிறங்கும் இசை கேட்டது. அக்காவின் குரல் இருந்த இடத்தில் நான் ஏற்றின இசை. அது நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.